ஊர் வயர்

1

எங்கள் சமையலறை அலுமாரியின் மேல் ஒரு சின்ன ரேடியோப் பெட்டி இருக்கிறது. வீடு இருப்பது நோர்வேயில், பெர்கன் நகரத்தில். பெட்டி பாடுவது இலங்கையிலிருந்து. அங்கே மலைநாட்டில், புசல்லாவையில் இடி இடித்தால் அது நின்றுவிடும்.

கேட்பவர்கள் சிரிப்பார்கள். ஆனால் இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. நான் விரும்பிக் கேட்கும் வானொலியின் இணைய ஒலிபரப்பு நாட்டுக்குள் இருப்பவர்களுக்கு மட்டும்தான் கேட்கும். வெளிநாட்டிலிருந்து கதவைத் தட்டினால் திறக்க மாட்டார்கள். எனக்குச் சோறு போடுவதே இந்த வலையமைப்பு வேலைதான். இங்குள்ள பள்ளிக்கூடங்களின் கணினிகளுக்கு வழி பிரித்து விடுகிறவள் நான். ஊருக்கெல்லாம் வழி பிரித்துக் கொடுக்கிறவள் தன் வீட்டுக்குச் செய்துகொள்ளக் கூடாதா? எங்கள் ரவுட்டரைச் சந்தியில் நிற்கிற பொலிஸ்காரன் மாதிரி நிறுத்தியிருக்கிறேன். போகிற இடம் இலங்கை முகவரி என்றால் ஒரு தனிச் சந்து வழியாகப் புசல்லாவையில் இருக்கும் அப்பா வீட்டுக்கு அனுப்பிவிடும். அங்கிருந்து அது உள்ளூர்க்காரன் போல வெளியே போகும். மற்றதெல்லாம் நேரே பெர்கன் வழியாக.

ஆகவே நான் கேட்கிற பாட்டு அப்பா வீட்டு முன்னறையைத் தாண்டித்தான் வருகிறது. அங்கே கரண்ட் போனால் இங்கே பாட்டு நிற்கும். அங்கே இடி இடித்தால் அப்பா எல்லா வயரையும் கழற்றிப் போட்டுவிடுவார், அப்போதும் நிற்கும். நின்றால் எனக்குக் கோபம் வராது. இப்போது புசல்லாவையில் மழை, அப்பா கழுத்தில் துண்டோடு வயர் கழற்றிக்கொண்டு நிற்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். பெர்கனிலும் வருஷம் முழுக்க மழைதான், ஆனால் சத்தம் போடாத மழை. இடி கேட்க வேண்டுமென்றால் எனக்கு இந்த ரேடியோ நின்றால்தான் உண்டு.

அப்படிக் கழற்றிய வயரை அப்பா ஒருமுறை மாற்றிச் செருகிவிட்டார். அதனால் ஓர் அண்ணனும் தம்பியும் கடைசியாகப் பேசிக்கொள்ளாமலே போயிருப்பார்கள். அதைச் சொல்லத்தான் இந்தக் குறிப்பு.

2

அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். இப்போது புசல்லாவை மெயின் ரோட்டுக்கு மேலே, தம்பி ரவி கட்டிய சின்ன வீட்டில் ரவியோடு இருக்கிறார். ரவி த்ரீவீல் ஓட்டுகிறான். அம்மா இல்லை.

போன முறை லீவில் போயிருந்தபோது அந்த வீட்டுக்கும் ஒரு வெள்ளை ரவுட்டர் கொண்டுபோய்ப் பொருத்தினேன். வீட்டுக்கு இரண்டு இணைப்பு. ஒன்று ரோட்டுக் கம்பத்திலிருந்து சுவரைத் துளைத்து வரும் கம்பி. உறுதியானது, ஆனால் மாதத்துக்கு இவ்வளவுதான் என்று அளவு உண்டு. மற்றது ஜன்னலோரத்தில் வைத்த சிம் பெட்டி. அதில் வீடியோ எவ்வளவு வேண்டுமானாலும் பார்க்கலாம், மழை பெய்தால் மட்டும் திக்கித் திணறி இழுக்கும். உள்ளூர் விஷயமும் என் தனிச் சந்தும் சுவர்க் கம்பியில் போகட்டும், இந்தியச் சீரியல், கோயில் திருவிழா, வீடியோ அழைப்பு போன்ற வெளிநாட்டுப் போக்குவரத்தெல்லாம் ஜன்னல் பெட்டியில் போகட்டும் என்று பிரித்தேன். 

அப்பா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏன் புள்ள, இருக்கிறது ஒரு டீவி. அதுக்கு எதுக்கு ரெண்டு ரோட்டு?"

"ஒண்ணுல கூட்டமானா மத்ததுல போகலாம்ல அப்பா."

"நம்ம ரோட்டுக்கே இன்னொரு ரோட்டு போட்டுக் குடுக்க ஆளக் காணோம். நீ பொட்டிக்குப் போடுற."

வெள்ளைப் பெட்டியின் முதுகில் இரண்டு ஓட்டைகள், இணைப்புக்கு ஒன்றாக. வயர் மாறினால் இரண்டுமே ஓடாது. மகள் துளசியின் பள்ளிக்கூடக் கொப்பிகளுக்கு ஒட்டும் லேபிளில் தமிழில் எழுதி மேலே ஒட்டினேன். ஒன்றில் "ஊர்". மற்றதில் "வெளி". இதைவிடத் தெளிவாக யாராலும் எழுத முடியாது என்று நினைத்தேன். படித்தவள் இல்லையா!

3

என் கணவர் ஜெயந்தன் யாழ்ப்பாணத்துக்காரர். கல்யாணமான புதிதில் அவரைப் புசல்லாவைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஒருநாள் தனியாக நுவரெலியா பார்த்துவிட்டு வருகிறேன் என்று ரோட்டுக்கு இறங்கினார். கண்டக்டர் "நுவர, நுவர" என்று கூவ, ஏறிக் குந்திவிட்டார். நுவர என்றால் சிங்களத்தில் நகரம். எங்கள் பக்கத்தில் அது கண்டி. மனுஷன் குளிருக்குச் சுவெட்டர் போட்டுக்கொண்டு கம்பளை, பேராதனை எல்லாம் கடந்து கண்டிச் சந்தையில் வியர்த்துக்கொண்டு இறங்கினார். இன்றைக்கும் யாராவது வழி கேட்டால் அவர் வாயே திறப்பதில்லை.

துளசி ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் தமிழ் படித்தாள். அங்கே எல்லாரும் யாழ்ப்பாணம். ஆகவே என் வயிற்றில் பிறந்த பிள்ளை "ஓம் அம்மா, வாறன்" என்கிறது. நான் "வாங்க, போவோம்" என்றால் "நீங்கள் சினிமாவில கதைக்கிற மாதிரிக் கதைக்கிறீங்கள்" என்று சிரிக்கிறது. பிள்ளைகள் தமிழை விட்டுப் போகிறார்கள் என்று மற்றத் தாய்மார் அழுகிறார்கள். என் பிள்ளை தமிழிலேயே இருந்துகொண்டு என்னை விட்டுப் போகிறது. அதை யாரிடம் போய்ச் சொல்வது?

முதல்முறை போனில் அவள் அப்பாவை "அம்மப்பா" என்று கூப்பிட்டபோது அவர் குழம்பிப்போனார்.

"அது யாரு சரோசா, அம்மப்பா? அம்மாவா, அப்பாவா? ஏதாவது ஒண்ணச் சொல்லச் சொல்லு."

"அம்மாட அப்பா, அம்மப்பா" என்று துளசி விளக்கினாள்.

"தாத்தான்னா வாய் வலிக்குமா ஆத்தா?"

நோர்வேஜிய மொழியிலும் எனக்கு ஒரு தீராத தடுக்கல் உண்டு. வீட்டுக்குப் போவதற்கு 'யெம்'. வீட்டில் இருப்பதற்கு 'யெம்மெ'. கடைசியில் ஓர் 'எ'தான் வித்தியாசம். சுகமில்லாத நாளில் வேலையிடத்துக்குப் போன் பண்ணி "நான் யெம் இருக்கிறேன்" என்று சொல்லிவிடுவேன். துளசி தலையில் அடித்துக்கொள்வாள்.

"அம்மா, நீங்கள் வீட்டில இருக்கிறீங்களோ, இல்லாட்டி இன்னும் போய்க்கொண்டு இருக்கிறீங்களோ?"

இத்தனை வருஷமாகியும் அந்த 'எ' என் வாயில் ஒட்டவில்லை.

4

ரவுட்டர் வழி பிரிப்பது ஒரு பட்டியலை வைத்து. இந்த முகவரி இலங்கை, இந்த முகவரி வெளிநாடு என்று யாரோ எங்கோ இருந்து எழுதுகிறார்கள். நான் அதை இறக்கிப் பெட்டிக்குள் போடுகிறேன். அதில் பிழைகள் ஏராளம். கொழும்பில் அச்சாகும் தமிழ்ப் பத்திரிகை ஒன்றின் இணையப் பக்கம் அதில் வெளிநாடு. அதன் கணினி அமெரிக்காவில் இருக்கிறதாம். பெட்டிக்கு எழுத்தும் தெரியாது, வாசனையும் தெரியாது. பட்டியல் சொல்வதைத்தான் கேட்கும்.

இப்படியான பட்டியல்கள் எங்கள் குடும்பத்துக்குப் புதிது இல்லை. அப்பாவும் பெரியப்பாவும் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான ஒரே லயத்தில், ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்தவர்கள். இந்தியாவும் இலங்கையும் தோட்டத்து ஆட்களைப் பங்கு போட்டுக் குடியுரிமைப் பத்திரங்கள் எழுதிய காலத்தில் பெரியப்பா கல்யாணமாகி மாமனார் குடும்பத்தோடு மனுப் போட்டார். இந்தியப் பட்டியலில் விழுந்தார். அப்பா சிறுவன். தாத்தா போட்ட மனுவில் இலங்கைப் பட்டியலில் விழுந்தார். இருவரும் அதற்கு முன்னால் பேராதனைப் பாலத்தைத் தாண்டிப் போனவர்கள்கூட இல்லை.

மலைநாட்டில் ரயிலைக் கோச்சி என்போம். இந்தியாவுக்குப் போகிறவர்களைக் கண்டியிலிருந்து தலைமன்னாருக்கு ஏற்றிப்போன வண்டிக்கு ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர். பெரியப்பாவை ஏற்றிவிட அப்பாவும் கண்டி ஸ்டேசனுக்குப் போயிருந்தார். மேடை முழுக்க அழுகை. யாரோ அப்பாவின் கையில் ஒரு பணிசைக் கொடுத்திருக்கிறார்கள்.

"எல்லாரும் மாரடிச்சு அழுவுறாங்க. நான் பணிசு தின்னுக்கிட்டு நின்னேன் புள்ள. அம்புட்டு ருசி. கோச்சி போனப்பெறவுதான் அண்ணன் போயிருச்சுன்னு வெளங்குச்சு."

பெரியப்பா கடல் தாண்டிப் போய்ச் சேர்ந்தது நீலகிரியில், கோத்தகிரிப் பக்கம். அங்கேயும் தேயிலைதான். அங்கே அவருக்குச் சிலோன்காரர் என்று பேர். இலங்கையில் பிறந்த எனக்குப் பிறப்புப் பத்திரத்தில் இந்தியத் தமிழர் என்று பேர். பெர்கனில் ஓர் அலுவலகத்தில் அந்தப் பத்திரத்தின் மொழிபெயர்ப்பைப் பார்த்த பெண், "அப்படியானால் நீங்கள் இந்தியாவா?" என்று கேட்டாள். இல்லை, இலங்கை என்றேன். "பிறகு ஏன் இந்தியர் என்று இருக்கிறது?" என்றாள். நானும் என் உடைந்த நோர்வேஜியத்தில் வெள்ளைக்காரன் காப்பி பயிரிட்ட காலத்திலிருந்து தொடங்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, இலங்கை என்றே போடுகிறேன், கட்டம் சின்னது" என்றாள்.

பெரியப்பா போனதிலிருந்து அப்பா அவரை நேரில் பார்க்கவில்லை. போக ஆசை இருந்தது. முதலில் வழி இல்லை, பிறகு நெஞ்சு வருத்தம் வந்து டாக்டர் பயணம் வேண்டாம் என்றுவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் டெப்லட்டில் பார்த்துக்கொள்வார்கள். அதற்குத்தான் அந்தச் சிம் பெட்டியே வாங்கினேன். "அண்ணன் ஊர்ல சவுரியமா இருக்கு" என்பார் அப்பா. எங்கள் குடும்பத்தின் பூர்வீகக் கிராமம் துறையூர்ப் பக்கம் என்று பேச்சு. கோத்தகிரிக்கும் அதற்கும் வெகுதூரம். அப்பாவுக்கு அந்தக் கணக்கெல்லாம் இல்லை. கடலுக்கு அந்தப் பக்கம் எல்லாமே ஊரு.

இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டுதான் லேபிளில் எழுதினேன்.

5

ஐப்பசி மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை. காலையில் இடியப்பம் அவித்துக்கொண்டிருந்தேன். ரேடியோ பாதிப் பாட்டில் நின்றது.

"அம்மா, அங்க இடி போல" என்றாள் துளசி.

வழக்கமாக இடியப்பம் ஆறுவதற்குள் பாட்டு திரும்ப வந்துவிடும். அன்று வரவில்லை. சாயந்தரமும் வரவில்லை. கரண்ட் இல்லை போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

ஞாயிறு காலை கோத்தகிரியிலிருந்து வள்ளி கூப்பிட்டாள். பெரியப்பாவின் மகன் வழிப் பேத்தி. அவர்தான் அவளுக்கு எல்லாம்.

"அத்தை, தாத்தாவ ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டோம். இனி வெச்சுப் பார்க்க ஒண்ணுமில்லைன்னு டாக்டர் சொல்லிட்டாங்க." அழுகையை விழுங்கிக்கொண்டாள். "நெனப்பு வருது, போகுது. நெனப்பு வந்தா தம்பியக் காட்டு, தம்பியக் காட்டுங்கறாரு. சின்னத் தாத்தாவுக்கு நேத்துலேருந்து போட்டுப் பார்க்கறேன், போகவே மாட்டேங்குது."

"இரும்மா, நான் பார்க்கிறேன். வேற ஏதும் சொன்னாரா?"

"கொச்சி, கொச்சிங்கறாரு அத்தை. கொச்சிக்கு எத்தனை மணிக்குன்னு கேக்கறாரு. அங்க நம்ம சொந்தக்காரங்க யாராச்சும் இருக்காங்களா?"

எனக்குத் தெரிந்து கேரளத்தில் எங்களுக்கு யாரும் இல்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்கிறாரோ என்னவோ என்றேன். அப்போது எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. அப்பாவைப் பிடிக்க வேண்டும் என்ற ஒரே பதற்றம்.

ரவியைக் கூப்பிட்டேன். சனிக்கிழமையே ஆள் ஏற்றிக்கொண்டு ஹயருக்குப் போனவன், கட்டுநாயக்க விமான நிலையத்தில் நின்றான். திரும்பி வர இரவாகும் என்றான். ஸ்மார்ட் போன் அவனிடம். வீட்டில் அப்பாவிடம் இருப்பது பட்டன் போனும், வைஃபை இருந்தால் மட்டும் வேலை செய்யும் டெப்லட்டும்.

"நேரா ஜன்னல் பெட்டியின்ர வைஃபையில போகச் சொல்லுமன்" என்றார் ஜெயந்தன்.

அந்த வைஃபையை அணைத்து வைத்த புத்திசாலியும் நான்தான். இரண்டு பெட்டியும் ஒன்றையொன்று குழப்பக் கூடாதாம்.

6

அப்பாவின் பட்டன் போனுக்கு அடித்தேன். விஷயத்தைச் சொன்னேன்.

"நான் என்னா செய்யணும், சொல்லு" என்றார்.

"வெள்ளைப் பெட்டிக்கு முன்னால போய் நில்லுங்க. வெளிச்சம் எரியுதா?"

"செவப்பா எரியுது. நேத்துலேருந்து அப்புடித்தான்."

"பின்பக்கம் ஊர்னு எழுதின ஓட்டையில வயர் இருக்கா?"

"இருக்கு. இறுக்கமாத்தான் மாட்டினேன்."

"வெளின்னு எழுதினதுல?"

"அதுலயும் இருக்கு."

எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. பெட்டியை அணைத்துப் போடச் சொன்னேன். சிவப்பு. சுவர்க் கம்பி வந்து முடியும் பெட்டியை அணைத்துப் போடச் சொன்னேன். சிவப்பு. இதற்குள் வள்ளியிடமிருந்து செய்தி வந்துவிட்டது: தாத்தா முழித்திருக்கிறார், சீக்கிரம். பெர்கனிலுள்ள பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் ஓடி ஓடிச் செய்கிறவளுக்கு, பெற்றவர் வீட்டுப் பெட்டிக்கு ஒரு விரல் நீட்ட முடியவில்லை. கடைசியில் ஒன்று தோன்றியது.

"அப்பா, ஊர் ஓட்டையில இருக்கிற வயரைக் கையில பிடிச்சுக்கிட்டே போங்க. எங்க போய் முடியுது?"

கதிரை இழுபடும் சத்தம் கேட்டது.

"சன்னல் பொட்டியில."

"ஐயோ அப்பா! மாத்திப் போட்டிருக்கீங்க. ஊர்னா செவத்துல இருந்து வர்ற வயரு!"

"செவத்து வயரு எப்புடி ஊரு வயராகும்?" அவருக்கும் கோபம் வந்துவிட்டது. "அது வெளியில போஸ்டு கம்பத்துக்குல்ல போவுது. அதான் வெளின்னு எழுதின ஓட்டையில போட்டேன். சன்னல் பொட்டியிலதான் ஊரு நாடகம் வருது, ஊரு கோயிலு வருது. ஒன் பெரியப்பாவே அதுலதான் வாராரு. அப்ப அதுதானே ஊரு?"

வரிக்கு வரி சரியாகத்தான் சொன்னார். இடி மழைக்குக் கழற்றுவது அவர்; திரும்பச் செருகும்போது எப்போதும் ரவி கூட நிற்பான். நேற்று ரவி இல்லை. தனியாக நின்று, எழுதியிருந்ததை வாசித்து, யோசித்துச் செருகியிருக்கிறார். 

"அப்பா, நான் ஊர்னு எழுதினது புசல்லாவைய."

"புசல்லாவயா?"

"ஆமா."

"இது தோட்டம்ல புள்ள" என்றார், எனக்குப் பாவம் பார்ப்பவர் போல. "இது எப்புடி ஊராகும்?"

நின்று விளக்க நேரமில்லை. விளக்கவும் எனக்குத் தெரியவில்லை. இருபது வயதில் அந்த ரோட்டில் பஸ் பிடித்துக் கண்டிக்குக் கம்ப்யூட்டர் படிக்கப் போனவள், கண்டியிலேயே ஒரு கடையில் வேலை பார்த்தவள், எந்நேரமும் எப்படா இங்கிருந்து போவோம் என்றிருந்தவள். அந்த இடத்துக்கு ஊர் என்று எனக்கே பெர்கனுக்கு வந்த பிறகுதான் பெயர் வந்தது.

"சரிப்பா, தோட்டந்தான். தோட்டத்து வயரை எடுத்து ஊர் ஓட்டையில போடுங்க."

"தோட்டத்து வயரு ஊரு ஓட்டையில. ஊரு வயரு வெளி ஓட்டையில." முணுமுணுத்துக்கொண்டே செருகினார். "ஒரு மாதிரியாத்தான் இருக்கு. ம், போட்டாச்சு."

சற்று நேரத்தில் என் சமையலறையில் ஒரு சவர்க்கார விளம்பரம் உரத்துப் பாடியது. வாழ்க்கையில் எந்தச் சவர்க்காரத்தையும் நான் அவ்வளவு நேசித்ததில்லை.

7

திரையில் மூன்று கட்டங்கள். ஒன்றில் நான், தோளுக்குப் பின்னால் துளசி. ஒன்றில் அப்பா. அந்த அவசரத்திலும் தலை சீவி, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தார். மூன்றாவதில் கம்பளிக்குள் பெரியப்பா. குல்லாவுக்குக் கீழே முகம் கைப்பிடி அளவுக்கு வற்றியிருந்தது.

"அண்ணே" என்றார் அப்பா. "அண்ணே, ராமு வந்திருக்கேன்."

பெரியப்பா கண்ணைத் திறந்தார். கொஞ்ச நேரம் திரையைத் தேடினார்.

"ராமு... சாமானெல்லாம் கட்டியாச்சா?"

"என்னா சாமான் அண்ணே?"

"நேரமாச்சேடா. கோச்சி எத்தன மணிக்கு?"

"பாருங்க அத்தை, இதேதான்" என்றாள் வள்ளி. "கொச்சிக்குன்னு..."

"கொச்சி இல்ல தாயி" என்றார் அப்பா. "கோச்சி. எங்க பக்கத்துல ரயிலுக்குச் சொல்றது."

வள்ளி வாயைப் பொத்திக்கொண்டாள். கூட வந்தவர்கள் போன பிறகு கோத்தகிரியில் அந்தச் சொல்லை அவரோடு பேச ஆளில்லை. அத்தனை காலமும் உள்ளே வைத்திருந்து இப்போது எடுத்திருக்கிறார். அதைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த நானும் காலையில் கோட்டை விட்டேன்.

அப்பா திரைக்குக் கிட்டே குனிந்தார்.

"கோச்சி எங்க போறதுக்கு அண்ணே?"

"ஊருக்குத்தான். வேற எங்க?"

"அண்ணே, நீங்க ஊர்லதானே இருக்கீங்க."

பெரியப்பாவுக்குச் சட்டென்று குரல் ஏறியது. நோயாளிக் குரல் இல்லை, மூத்தவன் குரல்.

"கிறுக்குப் பயலே. இதாடா ஊரு? கம்பளைல எறங்குனா புசல்லாவைக்கு பஸ்சு இருக்குமா, அதச் சொல்லு."

டெப்லட் ஆடியது. கூரையும் சுவரும் தெரிந்து, திரும்ப அவர் முகம் வந்தது.

"இருக்கும் அண்ணே" என்றார். "எந்நேரமும் பஸ்சு இருக்கு. நீங்க வாங்க. நான் கம்பளை ஸ்டேசனுக்கே வந்து நிக்கிறேன்."

"வந்து நில்லு" என்று பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டார். அப்பா அவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். வள்ளியும் அழைப்பைத் துண்டிக்கவில்லை, நானும் துண்டிக்கவில்லை. துளசி மட்டும் மெதுவாக என் காதில் கேட்டாள்:

"அம்மா, பெரிய தாத்தா யெம் போறாரோ?"

அவள் தாத்தா என்று சொன்னதை நான் கவனித்தேன்.

8

அடுத்த கிழமை பெரியப்பா போய்விட்டார். அடக்கம் கோத்தகிரியில். அப்பா டெப்லட்டில் பார்த்தார். அன்றைக்கு மழை இருந்தும் ஜன்னல் பெட்டி இழுக்கவில்லை என்று ரவி சொன்னான்.

அதற்குப் பிறகு ஒருநாள் காலை. துளசியின் மதியச் சாப்பாட்டுக்குப் பாண் வெட்டிக்கொண்டிருந்தேன். ரேடியோவில் மரண அறிவித்தல் போய்க்கொண்டிருந்தது. எங்கள் நாட்டில் அதற்கு ஒரு மாறாத பாடம் உண்டு: இந்த இடத்தைப் பிறப்பிடமாகவும், அந்த இடத்தை வசிப்பிடமாகவும் கொண்ட இன்னார். கேட்டுக் கேட்டுக் காது பழகிப்போனது. ஆனால் அன்றைக்குப் பெரியப்பாவின் பெயர் வந்தது. முன்னால் இப்படி வந்தது: "புசல்லாவையைச் சொந்த ஊராகவும், கோத்தகிரியை வசிப்பிடமாகவும் கொண்ட..."

கத்தியை வைத்துவிட்டு அப்பாவுக்கு அடித்தேன்.

"கேட்டியா?" என்றார் எடுத்தவுடனே. "ரவிய வச்சு நாந்தான் குடுத்தேன். பிறப்பிடம்னுதான் போடுறதுன்னு ரேடியோவுல இருக்குற புள்ள போன்ல சொன்னுச்சு. இல்லம்மா, சொந்த ஊருன்னு போடுங்கன்னேன்."

"அது தோட்டம்னு சொன்னீங்களே அப்பா."

வெளியே மழை பெய்வது போனில் கேட்டது.

"அண்ணன் அங்க படுத்துக்கிட்டு இத ஊருன்னுச்சு. நீ அங்க இருந்துக்கிட்டு இத ஊருன்னு எழுதி ஒட்டியிருக்க. இங்கயே பொறந்து, இங்கயே கெடக்குற எனக்கு மட்டும் ஏன் புள்ள இது தோட்டம்?"

எதையாவது சொல்ல வாயெடுத்தேன். அந்தப் பக்கம் தூரத்தில் ஓர் இடி உருண்டது.

"இடி இடிக்குது. வையி" என்றார் அப்பா. "ஊரு வயரக் கழட்டிட்டு வாரேன்."

என் சமையலறையில் ரேடியோ நின்றது.